சத்தமாக நினைக்கச் சொன்னார்கள்

"நாங்க உங்களைச் சோதிக்கப் போறதில்ல சார், இந்த போன் ஆப்பைத்தான் சோதிக்கப் போறோம்" என்று அந்தப் பெண் சொன்னதும் ஆவுடையப்பனுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்துபோயிற்று. சோதனையேதான். சோதிக்க வராதவள் எதற்கு அதைச் சொல்ல வேண்டும்? மீன் விற்க வருகிறவள், நான் வீட்டை அளக்க வரவில்லை என்றா சொல்லிக்கொண்டு வருகிறாள்? அவரும் இதே மாதிரி எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார். திருநெல்வேலியிலும் நாகர்கோவிலிலும் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்தவர், ஜனங்கள் வாயில் பிரேக் இன்ஸ்பெக்டர். லைசென்ஸ் கேட்டு வருகிறவனுக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, "ஒண்ணும் பயப்படாண்டாம், சும்மா ஒரு சுத்து போயிட்டு வருவோம்" என்பார். சும்மா என்ற சொல்லைக் கேட்டதுமே அவன் தோள்பட்டை இறங்கும். இறங்கின பிறகுதான் ஆள் யாரென்று தெரியும், கிளட்சை எப்படி விடுகிறான், கண்ணாடியைப் பார்க்கிறானா, மாடு குறுக்கே வந்தால் கால் எதைத் தேடுகிறது. அந்தத் தோள்பட்டையை இறக்கத்தான் அந்தச் சொல். இப்போது கீழ்க்கட்டளையில் மகன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், சனிக்கிழமை முற்பகலில், இவள் அவருடைய தோள்பட்டையை இறக்கப் பார்க்கிறாள். ஆவுடையப்பன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டார். "சரிம்மா, சோதிங்க" என்றார்.

ரெஜினா மேடம் என்று மருமகள் அனுசுயா சொல்லியிருந்தாள். பெரிய கம்பெனி ஒன்றில் டிசைனராம். செல்போனில் வருகிற ஆப்புகளை ஜனங்கள் திணறாமல் பயன்படுத்துகிற மாதிரி அமைத்துக் கொடுக்கிற வேலை, அதற்கு யூ.எக்ஸ். என்று பேராம். குழந்தை பிறந்தபோது வேலையை விட்ட அனுசுயா மறுபடியும் வேலைக்குப் போவதற்காக இந்த ரெஜினாவிடம் சனிக்கிழமை சனிக்கிழமை அதைக் கற்றுக்கொள்கிறாளாம். எல்லாம் அவர்கள் சொல்வதுதான். டிசைனர் என்றால் விரலில் கொஞ்சம் மையாவது ஒட்டியிருக்க வேண்டாமா? இவள் நகங்கள் ஒட்ட வெட்டி, கழுவித் துடைத்த மாதிரி இருந்தன. கையில் தோல்பை. உட்கார்ந்ததும் கேட்டது என்ன? வயசு என்ன, கண்ணாடி போட்டு எவ்வளவு காலமாச்சு, தனியா வெளியே போவீங்களா. அந்தக் கடைசிக் கேள்வியை எவ்வளவு லேசாகக் கேட்டாள், காபிக்குச் சர்க்கரை போதுமா என்கிற மாதிரி. மேல்மாடி தேவசகாயத்துக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. மகளுடைய சிநேகிதி என்று ஒருத்தி வந்தாள், காபி குடித்தாள், ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கொடுத்து கடிகாரம் ஒன்று வரையுங்கள் அங்கிள், இது டெஸ்ட் எல்லாம் இல்லை என்றாள். தேவசகாயம் வரைந்தார். எண்களெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டதாம், அதை அவரே மாடிப்படியில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னார். அப்புறம் ஒரு நாள், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று காரில் கூட்டிப்போனார்கள். கடற்கரைச் சாலையில் ஏதோ முதியோர் இல்லம். அவருடைய செருப்பு இன்னும் மேல்மாடி வாசலில்தான் கிடக்கிறது, யாரும் எடுத்து வைக்கவில்லை. சரி, அதுகூடப் போகட்டும், முந்தாநாள் துணி உலர்த்திக்கொண்டே அனுசுயா போனில் பேசியதைத் தன் காதாலேயே கேட்டாரே. "ஆமா மேடம், மாமாதான். எங்க குழம்புறாங்கன்னு பார்த்தாப் போதும்ல? நாமளா உதவி பண்ணக் கூடாது. சரி மேடம்." கேட்ட அன்றிலிருந்து அவர் தேதி, கிழமை, தமிழ் மாதம் எல்லாவற்றையும் காலையில் எழுந்ததும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். மாவட்டங்களின் பெயரை வரிசையாகச் சொல்லி வைத்திருக்கிறார். கடிகாரம்கூட வரைந்து பார்த்தாயிற்று.

"இன்னொண்ணு சார்" என்றாள் ரெஜினா. "பண்ணும்போது மனசுல என்ன தோணுதோ அதை அப்படியே சத்தமா சொல்லிக்கிட்டே பண்ணுங்க. எதைப் பார்க்கிறீங்க, என்ன நினைக்கிறீங்க, எல்லாம். சரி, தப்புன்னு எதுவும் இல்ல." தன் போனை மேஜைமேல் வைத்து, பேச்சைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். மனசில் தோணுவதையெல்லாம் சத்தமாகச் சொல்வதாம். கட்டின மனைவியிடம்கூட அப்படிச் சொன்னதில்லை. அவள் கடைசியாகப் படுத்திருந்தபோது, ஏதாவது பேசுங்களேன் என்று கேட்டதற்கு, மின்விசிறி சத்தம் போடுகிறது, ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கணும் என்றுதான் சொன்னார். நினைத்தது வேறு. மனசில் தோணுவதை எல்லாம் வாயால் சொல்லிக்கொண்டு திரிகிறவனை ஊர் என்ன சொல்லும்? சொன்னாலும் மாட்டினோம், சொல்லாவிட்டாலும் மாட்டினோம். அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்வது. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அனுசுயா ஒரு கட்டு வெள்ளைக் காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒவ்வொன்றிலும் செல்போன் அளவுக்கு ஒரு சட்டம், அதற்குள் பென்சிலால் கட்டங்கள், எழுத்து, சின்னச் சின்னப் படம். "போன் எங்கம்மா?" என்றார். "இப்போதைக்குக் காகிதம்தான் மாமா. நீங்க விரலால தொட்டா, அடுத்து வர்ற பக்கத்தை நான் எடுத்து வைப்பேன். நான்தான் போன்னு வச்சிக்கிடுங்க." போன் ஆப் என்றார்கள், போனே இல்லை. பழையபடி வெள்ளைக் காகிதம்தான். அனுசுயா அவருக்கு எதிரே உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, நிஜமாகவே யந்திரம் மாதிரி ஆகிவிட்டாள். காலையில் தோசைக்கு என்ன சட்னி மாமா என்று கேட்டவள் இவள்தானா என்றிருந்தது.

முதல் வேலை சுலபமாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், எந்த பஸ் என்று இதில் பாருங்கள் என்றாள் ரெஜினா. "இது ஒரு கட்டம். எங்கே போகணும்னு எழுதியிருக்கு. தொடுதேன்" என்றார். காகிதம் மாறிற்று. "ஆஸ்பத்திரி படம் இருக்கு. சிலுவை போட்டிருக்கு. தொடுதேன்." மறுபடியும் மாறிற்று. பஸ்களின் பட்டியல் வந்தது, மேலே இருந்ததைத் தொட்டார், முடிந்தது. ரெஜினா "ம்ம்" என்றாள். அந்த ம்ம் அவருக்குத் தெரியும். பாஸும் இல்லாத பெயிலும் இல்லாத ம்ம். பக்கத்து சீட்டிலிருந்து அவர் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார், சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பெடல்மேல் இருக்கிற கால் அந்த ம்ம்முக்கு அப்புறம்தான் உளறும். நான் உளற மாட்டேன் என்று ஆவுடையப்பன் மேஜைக்கு அடியில் இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டார். அப்போதுதான் ரெஜினா அடுத்ததைச் சொன்னாள். "இப்ப நீங்க வேளச்சேரி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறீங்கன்னு வச்சுக்கோங்க. வீட்டுக்குத் திரும்பிப் போகணும். இதுல எப்படிப் பார்ப்பீங்க?"

அப்படியானால் தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார்கள். யார் பார்த்தது? அந்த ஆட்டோக்காரன் சொல்லியிருப்பானோ, அவனுக்கு இந்த வீடு தெரியுமே. போன மாதம் கண்ணாடியின் காது திருகு கழன்றுவிட்டது என்று வேளச்சேரிக்குப் போனார், சரி செய்துகொண்டார், பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றார். வெயில். பக்கத்தில் ஒருத்தி வெள்ளரிக்காயைக் கீறி மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டிருந்தாள். பஸ்கள் வந்தன. தாம்பரம் என்று போட்டிருந்தது, படித்தார். கேளம்பாக்கம், படித்தார். சோழிங்கநல்லூர், படித்தார். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது, புதுசாகத் திருகின கண்ணாடி. ஆனால் தான் போக வேண்டிய ஊர் இதில் எது? அந்தப் பெயர் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. விழுந்த பல்லின் இடத்தை நாக்கு துழாவுகிற மாதிரி மனசு அங்கேயே துழாவிக்கொண்டிருந்தது. வீடு தெரிகிறது. மூன்றாவது மாடி, வாசலில் அனுசுயா போட்ட கோலம், செருப்பு அலமாரியில் பேத்தியின் சிவப்பு ஷூ, மேல்மாடி வாசலில் தேவசகாயத்தின் செருப்பு. பெயர் மட்டும் இல்லை. வெள்ளரிக்காய்க்காரி, "எங்க போகணும் பெரியவரே?" என்று கேட்டாள். அவர் அவளை முறைத்தார். அவளுக்கு என்ன வந்தது? கேட்டதற்குப் பதில் இல்லாத மனுஷன் வேறு என்ன செய்வான், முறைக்கத்தான் செய்வான். கடைசியில் ஒரு ஆட்டோவில் ஏறி, நேராப் போ என்றார். இடது பக்கம் என்றார், தெருமுனைத் தண்ணித் தொட்டி தெரிந்ததும் உயிர் வந்து, அந்தத் தெருதான் என்றார். ஏன் லேட்டு என்று அனுசுயா கேட்டபோது பஸ்ஸே வரவில்லை என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது அந்தப் பெயர் தானாக வந்து நின்றது, கீழ்க்கட்டளை. எங்கேயும் போகாதது மாதிரி வந்து நின்றது. அதற்கப்புறம் அவர் வேளச்சேரிப் பக்கமே போகவில்லை.

"மாமா?" என்றது யந்திரம். விரல் காகிதத்துக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. அதையும் பார்ப்பார்கள். மடக்கிக்கொண்டார். இந்த வீட்டில் கொஞ்ச நாளாக நடந்ததெல்லாம் வரிசையாகக் கண்முன்னே வர ஆரம்பித்தது. அஞ்சறைப்பெட்டியிலும் பருப்பு டப்பாக்களிலும் உள்ளே இருப்பதன் பெயரை அனுசுயா எழுதி ஒட்டியது யாருக்காக? படிப்புக்காகச் செய்து பார்த்தேன் என்றாள். சுவிட்சுகளில் எது விளக்கு, எது ஃபேன் என்று படம் ஒட்டினாள், அதுவும் படிப்பாம். பால்காரர் பேர் என்ன மாமா என்று அன்றைக்குக் கேட்டாளே, அவளுக்குத் தெரியாதா? மகன் மணிவண்ணன் வேறு போன வாரம், ஸ்கூட்டர் சாவியை என் கிட்டயே கொடுத்திருங்கப்பா, டிராஃபிக் ஜாஸ்தி என்றான். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் செய்கிறார்கள். எவ்வளவு பதவிசாக! ஒரு சொல் கடுமையாகப் பேசாமல், ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். "மாமா, மேல பாருங்க, அந்த வீட்டுப் படம்…" என்று அனுசுயா சொல்ல ஆரம்பித்ததும் ரெஜினா கையை உயர்த்தினாள். "அனு, நீ சொல்லிக் கொடுக்காதே. நீ போன். போன் பேசாது." அப்புறம் கொஞ்சம் தணிந்து, "அவர் எங்க நிக்கிறாரோ அங்கதான் நம்ம தப்பு இருக்கு. அதை நீயே மூடிட்டா எப்படித் தெரியும்?" என்றாள். நம்ம தப்பாம். எவ்வளவு அழகாகப் பேசுகிறாள். ஆவுடையப்பன் காகிதத்தின் மேலே இருந்த வீட்டுப் படத்தைப் பார்த்தார். சதுரம், மேலே ஒரு முக்கோணம், ஒரு கதவு. எந்த வீடு? அவர் வீடு அப்படி இல்லை. அவர் தொடவில்லை. வாயையும் திறக்கவில்லை. பேசினால்தானே பிடிப்பீர்கள்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். இன்ஜின் குளிர்ந்து கிடக்கிறது, சோக்கை இழுடா என்று நினைத்துக்கொண்டார். ரெஜினா காத்திருந்தாள். நல்லவேளையோ கெட்டவேளையோ, அவளுக்குக் காத்திருக்கத் தெரிந்திருந்தது. கடைசியில் அவள் பெருமூச்சு விடாமல், கோபப்படாமல் சொன்னாள். "சரி அனு. சார் பேசலைன்னா இதுல நமக்கு எதுவும் கிடைக்காது. ஆளை நிதானமா வச்சுப் பேச வைக்கிறதுதான் இந்த வேலையில பாதி. அது இன்னும் உனக்கு வரலை. அடுத்த மாசம் வேற ஒருத்தரை வச்சுப் பார்ப்போம். என் டீம்ல காலியா இருக்கிற இடத்துக்கு உன் பேரைச் சொல்றதை அதுவரைக்கும் நிறுத்தி வைக்கிறேன்." அனுசுயா, "சரி மேடம்" என்றாள். ஆவுடையப்பன் அப்போதுதான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். மேலுதட்டுக்கு மேலே பொடிப்பொடியாக வேர்வை. காகிதக் கட்டின் ஓரத்தைப் பெருவிரலால் நெம்பிக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு காகிதமும் சர்ரென்று விரிந்து விரிந்து மூடிற்று. இந்த வேர்வையை அவருக்குத் தெரியும். கை நடுக்கத்தை ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து மறைப்பார்கள், குரலைச் செருமி மறைப்பார்கள், இதை மறைக்க ஒருவருக்கும் வழி கிடையாது. அவர் ரெஜினாவைப் பார்த்தார். ரெஜினா அவரைப் பார்க்கவில்லை. வந்ததிலிருந்து இவள் அவரைப் பார்த்ததைவிட அனுசுயாவைப் பார்த்ததுதான் அதிகம் என்பது இப்போதுதான் உறைத்தது. காகிதத்தை மாற்றும்போது அனுசுயாவின் கையை. கேள்வி கேட்கும்போது அனுசுயாவின் வாயை. பக்கத்து சீட்டில் இருந்தது ரெஜினா. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது இந்தப் பெண். அப்போது நான் யார்? ரோடா? குறுக்கே வந்த மாடா?

அப்படியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இதுவேகூட ஒரு தந்திரமாக இருக்கலாம், ஆளைப் பேச வைக்கிறதுதான் வேலையில் பாதி என்று அவளே சொல்லவில்லையா? பரிதாபத்தைக் காட்டி வாயைத் திறக்க வைப்பது. ஆனால் வேர்வையை யாரும் நடிக்க முடியாது. அனுசுயா காகிதங்களைச் சேர்த்து அடுக்க ஆரம்பித்தாள். எல்லாம் ராத்திரி ராத்திரியாகப் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்து வரைந்தவை, அழித்து அழித்துக் காகிதம் சில இடங்களில் பஞ்சாகிவிட்டிருந்தது. அவர் தன் கையை நீட்டி, வீட்டுப் படம் போட்ட காகிதத்தை அவள் எடுக்காதபடி பிடித்துக்கொண்டார். "இரும்மா" என்றார். "சத்தமாச் சொல்லணும், அவ்வளவுதான?" காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இதுல வீடுன்னு படம் போட்டிருக்கு. நான் அதைத் தொடல. ஏன்னா… கீழ கட்டத்துல எங்கிருந்து, எங்கேன்னு கேக்குது. எங்கேன்னு நான் சொல்லணும். சொல்லத் தெரிஞ்சா நான் ஏன் இதைப் பாக்கப் போறேன்? போன மாசம் வேளச்சேரி பஸ் ஸ்டாண்டுல நான் நின்னேன். நம்ம ஊர்ப் பேரு வரல. எல்லா போர்டும் படிச்சேன். எதுல ஏறணும்னு தெரியல. ஒருத்தி எங்க போகணும்னு கேட்டா. அவளுக்குப் பதில் சொல்ல முடியல எனக்கு." சொல்லி முடித்ததும், சொன்னது தன் குரல்தானா என்று இருந்தது. மேஜைமேல் ரெஜினாவின் போன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தது.

அனுசுயாவின் முகம் மாறினதைப் பார்த்தபோதுதான் அவருக்குப் புரிந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது, கண் அவர் முகத்திலேயே நின்றுவிட்டது. இவளுக்குத் தெரியாது. ஒன்றும் தெரியாது. ஆட்டோக்காரன் சொல்லவில்லை. டப்பாவில் ஒட்டிய பெயர் படிப்புக்காக ஒட்டியதுதான். ரெஜினா வேளச்சேரி என்று சொன்னது சும்மா வாயில் வந்த ஊர்தான். யாருக்குமே தெரியாமல் இருந்தது, இப்போது தெரிந்துவிட்டது, தெரியவைத்தது அவரேதான். இனி என்ன, தேவசகாயம்தான். ரெஜினா போனை எடுத்துப் பதிவை நிறுத்தினாள். "சார், இது உங்க வீட்டு விஷயம். இதை நான் யார்கிட்டயும் போட்டுக் காட்ட மாட்டேன்" என்று அவர் கண் முன்னாலேயே அழித்தாள். அழித்தாளா, அழிக்கிற மாதிரி காட்டினாளா? தெரியவில்லை. எழுந்து, தண்ணீர் குடிக்கிறேன் என்று சமையலறைக்குப் போய்விட்டாள். அது மட்டும் நிஜமான மரியாதை என்று தோன்றிற்று. அனுசுயா அழவில்லை, ஐயோ மாமா என்று சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "அப்ப என்ன மாமா தேடுனீங்க? பேரு வரலைன்னா, கண்ணு வேற எதைத் தேடுச்சு?" என்று கேட்டாள். இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. யோசித்தார். "தண்ணித் தொட்டியை" என்றார். "அதும் பக்கமாப் போற பஸ் எதுன்னு தேடினேன்." அவள் தலையை ஆட்டினாள். பிறகு, "இன்னொரு தடவை இப்படி ஆச்சா?" என்றாள். "இல்ல. வெளிய போனாத்தான, போகல." "திங்கக்கிழமை காலையில டாக்டரைப் பார்ப்போம் மாமா. நானும் வாரேன். முன்னாடியே சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போறேன், சும்மான்னு சொல்ல மாட்டேன்."

அவர் பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது. திரையில் மணிவண்ணன் பெயர். ஆவுடையப்பன் அவள் கையையே பார்த்தார். எடுக்கப் போகிறாள், சொல்லப் போகிறாள், அவன், சரி நான் வந்து பார்த்துக்கிறேன் என்பான், அப்புறம் தாழ்ந்த குரலில் பேச்சு நடக்கும், கதவு சாத்தியிருக்கும். அவள் எடுத்தாள். "ம், முடிஞ்சிருச்சு. நல்லாத்தான் போச்சு" என்றாள். பிறகு, "மாமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னாங்க, இருங்க" என்று போனை அவர் பக்கம் நீட்டினாள். அவர் எங்கே அப்படிச் சொன்னார்? சொல்லவே இல்லை. பொய்க்காரி. போனை வாங்கிக்கொள்ளாமல் அவளைப் பார்த்தார். அவள் கையை மடக்கவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை, நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. அதற்குள் "அப்பா? அப்பா? என்னப்பா?" என்று மகன் கேட்க ஆரம்பித்துவிட்டான். பின்னால் ஹாரன் சத்தம், லாரி ஒன்று உறுமிக்கொண்டு போகிற சத்தம். ஆவுடையப்பன் போனை வாங்கிக் காதில் வைத்தார். "ஏல மணி, வண்டி ஓட்டிக்கிட்டா பேசுத?" என்றார். "ஆமாப்பா, ப்ளூடூத்துலதான், சொல்லுங்க." "சொல்லுதேன். முதல்ல வண்டிய ஓரமா நிறுத்து" என்றார். நிறுத்துகிற வரைக்கும் காத்திருந்தார். இண்டிகேட்டர் டிக்டிக்கென்று அடிப்பது கேட்டது, பிறகு இன்ஜின் ஓய்ந்தது. "நிறுத்திட்டியா? ஹேண்ட் பிரேக் போட்டியா? சரி, கேளு."